பின் அறை விளக்கின் தொங்கல்கள்

நமக்கெல்லாம் முட்டி தேய்ந்துவிட்டது, பல் ஆடுகிறது, கண்ணில் ஒரு தடவை கத்தி பட்டாகிவிட்டது. பொறாமை மட்டும் தேயவே இல்லை, கவனித்தீர்களா? வயதானால் அதெல்லாம் போய்விடும், மனசு பழுத்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றும் பழுக்கவில்லை. போன மாசியில் சித்தூரிலிருந்து அக்கா போன் பண்ணி, "வீட்ட பழைய மாதிரியே பண்ணிக்கினு இருக்கறேன்டி. கூடத்து சரவிளக்கக்கூட கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிச்சிட்டேன்" என்றாள். வயிறு எரிந்தது பாருங்கள், ஒன்பது வயதில் எரிந்த அதே இடத்தில் எரிந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தாத்தா வெல்ல மண்டி நடத்திக் கட்டிய வீட்டில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். ஒன்றாக என்று சொல்வது மரியாதைக்கு. முன்கூடம், மாடி, காற்று வருகிற அறைகள் எல்லாம் பெரியப்பாவுக்கு. சமையலறையைத் தாண்டி, மாட்டுக் கொட்டகை வாசனை வருகிற பின் அறை எங்களுக்கு. பெரியப்பா மண்டியின் முதலாளி. என் நைனா அதே மண்டியில் வெல்லம் நிறுத்துப் போடுகிறவர்.

தாத்தா காலத்தில் ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது பங்களா சாமான்களை ஏலம் விட்டானாம். அதில் இரண்டு சரவிளக்குகளைத் தாத்தா எடுத்து வந்தார். பெரியது கூடத்தில். அதில் வெண்டைக்காய் நீளத்துக்குக் கண்ணாடித் தொங்கல்கள், அடுக்கடுக்காக, வளையம் வளையமாக. சின்னது எங்கள் பின் அறையில். அதன் தொங்கல்கள் பாதாம் பருப்பு அளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே மெழுகுவத்தி இருந்த இடங்களில் பல்பு வந்துவிட்டது. மேற்கு ஜன்னல் வழியாக சாயங்கால வெயில் எங்கள் விளக்கின் மேல் விழும்போது சுவரில் கலர் கலராகப் பொட்டு ஓடும். நான் பாயில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழகுதான். ஆனால் என்ன பிரயோஜனம்? அக்காவுடையது பெரியது.

"எங்க விளக்கு" என்பாள் அவள். அந்த "எங்க" என்கிற வார்த்தையை அவள் இழுக்கிற இழுப்புக்கே ஒரு குட்டு வைக்கலாம். பள்ளிக்கூடத்துத் தோழிகளைக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார்த்தி, சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக் காட்டுவாள். நான் தொட்டால் மட்டும் பெரியம்மா சமையலறையிலிருந்தே கத்துவாள். ஒரு நாள் தாங்க முடியாமல், அந்தத் தோழிகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்: "ஒரு நாளிக்கி அது பொத்துனு வுயும், பாத்துக்கினே இரு." அந்த வாய்தான் பிறகு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமான கோடைக்காலம் அது. வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை, மாம்பழ வாசனை, புதுத்துணி வாசனை. அம்மாதான் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தைத்தாள். காஜா எடுத்து, பித்தளைக் கொக்கிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தைப்பாள். அந்த நாட்களில் அம்மாவோடு பேச முடியாது. வாயில் கொக்கி இருக்கும்.

எனக்கும் ஒரு வேலை வந்திருந்தது. மணப்பெண் மேடைக்கு வரும்போது முன்னால் காமாட்சி விளக்கை ஏந்தி ஒரு சிறுபெண் நடக்க வேண்டும். அத்தை என்னைத்தான் கேட்டாள். "நீதான் வெளக்கு எடுக்கற. பெரியவ உயரமாயிட்டா, எனக்கு முன்னால நின்னா என் மூஞ்சி தெரியாது" என்றாள். அக்கா முகம் போன போக்கு! அன்றைக்கு நான் இரண்டு மாம்பழம் அதிகமாகத் தின்றேன்.

முதல் பத்திரிகை காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு. பெரியப்பா, பெரியம்மா, அத்தை, அக்கா, நான் எல்லோரும் வண்டி பேசிக்கொண்டு போனோம். அம்மாவும் நைனாவும் வீட்டிலேயே இருந்தார்கள். கூடத்து விளக்கை இறக்கிக் கழுவுகிற வேலையை நைனாவிடம் விட்டிருந்தார் பெரியப்பா. விளக்கு ஒரு கயிற்றில், உருளை வழியாக இறங்கும். "மண்டியிலிருந்து ரெண்டு ஆளக் கூப்ட்டுக்க. தனியா கயிற அவுக்காத. இதுலயும் எதனா ஒடச்ச, பொட்டி சட்டியத் தூக்கினு வேற வூடு பாத்துக்க" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். நைனா கையில் எதுவும் நிற்காது என்று வீட்டில் ஒரு பேர் இருந்தது.

காணிப்பாக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பொய்ச் சத்தியம் செல்லாது. நம் பக்கத்தில் எந்த வழக்கானாலும், "குளத்துல முழுகிட்டு வந்து பிள்ளையார் முன்னால சொல்லுடா பாக்கலாம்" என்றால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். வர மாட்டேன் என்றாலே குற்றவாளி. அன்றைக்கு நான் குளத்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஈரத்துணியோடு ஒருத்தன் அழுதுகொண்டே படியேறிப் போனதைப் பார்த்தேன். உண்மையா பொய்யா, தெரியாது. பயமாக இருந்தது.

நாங்கள் வீடு திரும்பியபோது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பப்பா! பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய கண்ணாடி, ஒவ்வொன்றும் பேசியது. பெரியப்பா நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு, என் வாழ்நாளில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை, நைனாவின் தோளில் கை வைத்து, "பரவால்லடா. ஒரு வேலைய ஒழுங்கா பண்ணிட்ட" என்றார். நைனா சிரிக்கவில்லை. உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. "சைக்கிள் செயின் கீறிடுச்சி" என்றார். எனக்கோ ஒரே எரிச்சல். அவர்கள் விளக்கை இப்படி மின்னவைக்க என் நைனாதான் கிடைத்தாரா?

பிறகு, கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, இடம் போதாமல் மாப்பிள்ளை வீட்டாரில் சிலரைப் பின் அறையில் தங்கவைப்பதாக முடிவானது. பெரியம்மா அறையைப் பார்க்க வந்தாள். அந்த அறைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வந்தவள் மேலே பார்த்தாள்.

"எம்மாடியோ! இன்னாடி இது? பாதி வெளக்கு மொட்டையா கீது! தொங்கலெல்லாம் எங்க?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். உள் வளையத்தில் ஒரு பக்கம் முழுக்க வெறும் கம்பி. கல்யாணச் சந்தடியில் அத்தனை நாளும் நான் அக்காவின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவதாம்மா" என்று அக்கா பாய்ந்தாள். "எப்பப் பாத்தாலும் அதையே பாத்துக்கினு படுத்துனு இருப்பா. நம்ம வெளக்கு வுயணும்னு வேற சொன்னா. கேளு, எல்லாருக்கும் தெரியும்."

"நான் எடுக்கல!"

கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா வந்தார். விளக்கு தாத்தாவின் சொத்து, பின் அறையில் தொங்கினாலும் பெரியப்பா கணக்கில்தான் சேர்த்தி. "எடுக்கலன்னா ஒண்ணும் பிரச்ன இல்ல. காலையில காணிப்பாக்கம் இட்டுனு போறேன். முழுகிட்டு சத்தியம் பண்ணட்டும்" என்றார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா! நான்தான் எடுக்கவில்லையே. ஈரத்துணியோடு படியேறி, பிள்ளையாரை நேராகப் பார்த்து, பெரியம்மாவும் அக்காவும் வாயடைத்து நிற்கச் சொல்லிவிட்டு வந்தால் ஆயிற்று. "இப்பவே போலாம் பெரிப்பா!" என்றேன். சட்டை மாற்றக் கொடிப் பக்கம் ஓடவே ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். வாயிலிருந்த கொக்கிகளை உள்ளங்கையில் துப்பினாள். "எங்கயும் போவ வாணாம் மாமா. இவதான் எடுத்தா. எங்கிட்ட சொல்லிட்டா. வெளையாடிக்கினே கெணத்துல போட்டுட்டா" என்று பெரியப்பாவிடம் சொன்னாள். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

அறை வலிக்கவில்லை. சொன்னதுதான் வலித்தது. நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. கிணற்றுப் பக்கமே போகவில்லை. வாசற்படியில் நைனா கையில் சுற்றிய துணியோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கு ஏந்துகிற வேலை அக்காவுக்குப் போனது. "கை சுத்தமில்லாத பொண்ணு கையில வெளக்க குடுக்கக் கூடாது" என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள். கல்யாண போட்டோவில் கூடத்து சரவிளக்குக்கு நேர் கீழே, எனக்காகத் தைத்த பச்சைப் பட்டுப் பாவாடையைத் தையல் பிரித்து இறக்கிப் போட்டுக்கொண்டு, காமாட்சி விளக்கோடு அக்கா நிற்கிறாள். நான் அந்தப் போட்டோவில் இல்லை. பின் அறையில் மாப்பிள்ளை வீட்டாரின் பெட்டிகளுக்கு நடுவே படுத்து, மொட்டை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எத்தனையோ வருஷம் அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோவைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட சும்மா பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் நைனா என்னை மட்டும் திருப்பதிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். ஜன்னலோரம் எனக்கு. கோவிந்தராஜர் கோயில் பக்கத்துக் கடையில் ஒரு கண்ணாடிக் குழல் வாங்கித் தந்தார். கண்ணில் வைத்து உருட்டினால் உள்ளே வளையல் துண்டுகள் பூப்பூவாக விரியும். ஓட்டலில் உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தபோது சொன்னேன்.

"நைனா, நான் எடுக்கல."

"தெர்யும்மா."

"அப்ப நீ சொல்லேன் அவங்கக்கிட்ட."

அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு பூரி துன்றியா?" என்றார்.

அந்தக் குழல் எங்கே போனதோ தெரியாது. வீடு மாறியபோது தொலைந்திருக்கும். பாகம் பிரித்ததில் பெரிய வீடு பெரியப்பாவுக்குப் போனது, எங்களுக்கு ஊர்க்கோடியில் ஒரு மனை. பின் அறையை இடித்து கார் ஷெட் கட்டினார்கள். அந்தச் சின்ன விளக்கைப் பழைய சாமான்காரன் எடுத்துப் போனானாம். நைனா போனார், அம்மா போனாள். கடைசி வரைக்கும் அம்மாவிடம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. பெற்ற பெண்ணை நம்பாதவளிடம் என்னத்தைக் கேட்பது என்று ஒரு வீம்பு.

இப்போது நான் திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். அக்கா விளக்கை அனுப்பியது எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆட்டோ தூரத்தில் இருக்கிற பட்டறைக்குத்தான். "எப்படிப் பண்றான்னு ஒரு எட்டு போய் பாருடி" என்றாள். வேலைக்காரியை அனுப்புகிற மாதிரி. போகக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் போனேன்.

பட்டறைக்காரர் வேலூர்ப் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். தன் வேலையைப் பற்றித் தானே பேசிக் கேட்பதில் அவருக்கு ஓர் ஆனந்தம். விளக்கை மேசைமேல் இரும்புச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார். இவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. தொட்டேன். கத்த யாரும் இல்லை.

"இது கலப்படம் மேடம்" என்றார். "வெளிய இருக்கறதெல்லாம் நீட்டு பீஸு. உள் வளையத்துல பாருங்க, சின்னது. லைட்டா ஊதா அடிக்குது பாத்தீங்களா? அந்தக் காலத்து கண்ணாடியில சிலது வருஷக்கணக்கா வெயில் பட்டா இந்த மாதிரி கலர் ஏறும். கூடத்துல ஏது வெயிலு? இது வேற எங்கியோ ஜன்னலோரமா இருந்த வெளக்கோடது."

மேற்கு ஜன்னல். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மாட்டுன ஆளு யாரோ, பெரிய கில்லாடி" என்று சிரித்தார். "கம்பி கெடைக்கல போல. ஜாக்கெட் கொக்கியில மாட்டிக்கீறாங்க! சொல்லப்போனா எவ்ளோ அழகா மாட்டிக்கீறாங்க தெரியுமா, இத்தன வருஷத்துல ஒண்ணுகூட வுயல."

பித்தளைக் கொக்கி. கறுத்துப்போய், வரிசையாக, ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் இருப்பதுபோலவே ஒரே இடைவெளியில்.

அவர் பேசிக்கொண்டே போனார். அதே பக்கத்தில் விளக்கின் பித்தளைக் கை ஒன்று வளைந்து, ஒடிந்து, ஃபியூஸ் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கட்டின்மேல் சைக்கிள் வால்வ் டியூப் சுற்றியிருந்தது. நைனா தன் சைக்கிளில் ஹாண்டில், மணி, கேரியர் என்று எல்லாவற்றையும் அப்படித்தான் கட்டுவார். "ஒரு தடவ நல்லா கீழ வுயுந்துக்கீது மேடம் இது. நீட்டு பீஸுங்க ஒடஞ்சிபோயிருக்கும். அந்த எடத்த ரொப்பத்தான் இதெல்லாம்."

விழுந்திருக்கிறது! பொத்தென்று விழும் என்று சொன்னேனே, விழுந்தேவிட்டது. நான் காணிப்பாக்கத்தில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஆளைக் கூப்பிடாமல் தனியாகக் கயிற்றை அவிழ்த்த நைனாவின் கையைக் கிழித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. நாங்கள் திரும்பி வருவதற்குள் அம்மா எங்கள் விளக்கிலிருந்து தொங்கல்களைக் கழற்றி, தன் வாயிலிருந்த கொக்கிகளால் அங்கே மாட்டியிருக்கிறாள். பொட்டி சட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. பிறகு அந்த "பரவால்லடா" வேறு கிடைத்துவிட்டது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நான் சத்தியம் பண்ணியிருந்தால் ஜெயித்திருப்பேன். அடுத்து, அப்படியானால் யார் எடுத்தது, நீ வா சத்தியத்துக்கு என்று அம்மாவைக் கூப்பிட்டிருப்பார்கள். அவளால் அந்தப் பிள்ளையார் முன்னால் பொய் சொல்ல முடியாது. அதற்குத்தான் என் கையைப் பிடித்தாள். நம்பாமல் பிடிக்கவில்லை. நான் எடுக்கவில்லை என்று இந்த உலகத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.

அந்தப் பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கோபமும்தான். ஏம்மா, என்னிடமாவது பிறகு சொல்லியிருக்கக் கூடாதா? பூரி வாங்கிக் கொடுத்தால் ஆயிற்றா நைனா? பட்டறைக்காரர் பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "சின்ன பீஸையெல்லாம் எடுத்துட்டு புதுசு போட்டுடறேன் மேடம், ஓனர் மேடத்துக்கு போன் பண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"யாருக்கும் போன் பண்ண வேணாம்" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும். கொக்கியும்தான். பழசு பழசாவே இருக்கணும்னுதானே அவங்க கேட்டாங்க?"

அவர் யோசித்துத் தலையாட்டினார். ஒடிந்த கைக்குப் பற்றவைத்தாக வேண்டும் என்றார். சரி என்றேன். பிரித்தெடுத்த வால்வ் டியூப் துண்டையும் ஃபியூஸ் கம்பியையும் கைக்குட்டையில் முடிந்து வாங்கி வந்துவிட்டேன். பீரோவில் இருக்கிறது.

வீட்டுத் திறப்புக்கு முதல் பத்திரிகை காணிப்பாக்கத்துக்குத்தானே? அக்கா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். குளத்தைச் சுற்றிக் கம்பி போட்டு எல்லாம் மாறியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து நின்று தண்ணீரைப் பார்த்தோம்.

"ஞாபகம் கீதாடி?" என்று அக்கா இடித்தாள். "தொங்கல எடுத்துட்டு இன்னா நடிப்பு நடிச்ச! இப்பவாச்சும் முழுகிட்டு சத்தியம் பண்றியா, எடுக்கலன்னு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டாள். தலையில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு உள்ளே போனால் போதும். இத்தனை வருஷம் நான் ஏங்கிக்கொண்டிருந்த இடம், சொல்லக் காத்திருந்த வார்த்தை, அதைக் காதால் கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே நிற்கிறாள். சொன்னால் என் பேர் சுத்தமாகிவிடும். நைனாவின் தோளிலிருந்து பெரியப்பாவின் கை எடுபட்டுவிடும்.

"எங்கயும் முழுக வேணாம்" என்றேன். "நான்தான்க்கா எடுத்தேன். கிணத்துல போட்டுட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும்!" என்றாள். அவள் முகத்தில் வந்த வெற்றியைப் பார்க்க வேண்டுமே. தள்ளிவிடலாம் போலிருந்தது.

திறப்பு அன்று சாயங்காலம் அக்காதான் சுவிட்சைப் போட்டாள். என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டாள். அந்தக் கூடம், அந்தத் தூண், அந்தத் தரை, அவ்வளவும் அவளுடையது. அழகாகப் பண்ணியிருக்கிறாள், பாழாய்ப்போகிறவள். வந்தவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "இவ சின்ன வயசுல ஒரு வெளக்கையே மொட்டையடிச்சவ" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு போட்டோ எடுக்க விளக்குக்குக் கீழே எல்லோரையும் நிறுத்தினார்கள். நான் யாரையும் கேட்காமல் நடுவில் போய் நின்றுகொண்டேன். உள் வளையத்துக்கு நேர் கீழே. "ஆன்ட்டி, கேமராவ பாருங்க, மேல பாக்காதீங்க" என்று அந்தப் பையன் இரண்டு முறை சொன்னான்.

அந்தப் போட்டோவை அக்கா எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். நான் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பாரு, இன்னும் என் வெளக்கு மேலயே உன் கண்ணு" என்று கீழே எழுதியிருந்தாள்.

ஆமாம் என்று பதில் போட்டேன்.